களவு போன ஓட்டை

அத்தியாயம் 3

முறைப்பாடு இதுதான்: ஓர் ஓட்டையைக் காணவில்லை.

ஊர் அதிகாரியான விதானையார் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஓட்டை காணாமல் போனால் சந்தோசப்படவேணும் பிள்ளை. என்ரை கூரையிலை ஏழெட்டு இருக்கு. வேணுமெண்டால் ரெண்டைக் கொண்டு போ" என்று சொல்லி முறைப்பாட்டோடு வந்த விமலேஸ்வரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பகிடி உருத்திரபுரத்தில் புறப்பட்டு, யாரோ ஒருவருடைய சைக்கிளில் ஏறிப் பரந்தன் சந்திக்கு வந்து, தேத்தண்ணிக் கடையில் இறங்கி, ஹமீட்டின் காதில் விழுந்தது. இருவருமாகச் சேர்ந்து சிரிக்கலாம் என்ற ஆசையில் அவன் அதை ஏரம்பு மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொட்டினான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டினார்.

"காரை எடு."

"மாஸ்டர், ஓட்டையைத் தேடிப் போறமோ? கண்டுபிடிச்சால் எதிலை போட்டுக் கொண்டு வாறது?"

"உன்ரை மண்டையிலை. இடம் கனக்கக் கிடக்கு."

ஏரம்பு கொழும்புத் தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்தவர். விலாசம் விளங்காத கடிதங்களைப் பிரித்து வாசித்து, எழுதியது யார், போகவேண்டியது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். ஊரார் கடிதத்தை உடைத்து வாசித்ததற்கு அரசாங்கம் சம்பளமும் கொடுத்துப் பென்சனும் கொடுக்கிறது என்று ஹமீட் போகுமிடமெல்லாம் சொல்லுவான். பரந்தனில் வந்து குடியேறிய பிறகு மாஸ்டர் கடிதங்களை விட்டு மனிதர்களை வாசிக்கத் தொடங்கினார். முல்லைத்தீவுக்காரனான ஹமீட்டின் பழைய மொறிஸ் வாடகைக் கார் அவருக்கு வாகனம். ஹமீட்டின் வாய் அவருக்குத் தலையிடி. இரண்டும் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை.

வழியில் ஹமீட் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். வெள்ளிக்கிழமை அமெரிக்காவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வருகிறா. பெயர் மிஸ் பிறைஸ். ஏதோ பல்கலைக்கழகத்தில் பழைய கடதாசிகளைக் காவல் காக்கிற உத்தியோகமாம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னம் அமெரிக்காவில் ஓர் ஆற்றங்கரை மாகாணத்துக்குத் தோர்ன் என்று ஒருவர் தேசாதிபதியாக, அதாவது ஆளுநராக, இருந்திருக்கிறார். அவருடைய பேரன் மிசன் டொக்டராக முல்லைத்தீவுக்கு வந்து காய்ச்சலில் செத்துப்போனான். பேரனோடு வந்த தோல் பெட்டி, அவனுடைய சமையற்காரன் வீட்டில் நின்றுவிட்டது. சமையற்காரனின் பேத்திதான் விமலேஸ்வரி. உருத்திரபுரத்தில் குடியேற்றக் காணி கிடைத்து வந்தபோது அம்மி, உலக்கையோடு தேசாதிபதியையும் வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்தவள்.

"இவ்வளவு காலமும் பெட்டிக்கு மேலை கோழி அடை கிடந்தது, மாஸ்டர். அமெரிக்காவிலையிருந்து ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். கனகலிங்கத்தார் பந்தல் போடுறார், பாண்ட் வாத்தியம் பிடிக்கிறார். அந்தத் தேசாதிபதி உயிரோடை வந்திருந்தால் கூட இவ்வளவு எடுப்பு இருந்திராது."

கனகலிங்கம் உருத்திரபுரத்தின் மூன்றாம் வாய்க்காலில் வயல் செய்கிற கமக்காரர்களுடைய சங்கத்தின் தலைவர். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பெரிய கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். அந்த வாய்க்காலில் இங்கிலீசு தெரிந்த ஒரே ஆள். அதை மற்றவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய முழுநேர வேலை.

விமலேஸ்வரி முற்றத்திலேயே நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருசன் பாம்பு கடித்துச் செத்தபின் தனியாகவே வயல் செய்கிறவள். விதானையார் சிரித்த சிரிப்பு இன்னும் அவளுடைய முகத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"நீங்களும் சிரிக்கத்தான் வந்தனீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. ஓட்டை எங்கை இருந்தது?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் பெட்டியைத் திறந்தாள். நூல் கட்டிய ஒரு கடிதக் கட்டு. அதை இரண்டு கையாலும் தூக்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்தாள்.

"இதுக்காலை பூச்சி துளைச்ச ஓட்டை ஒண்டு இருக்கு. இந்த மூலையிலை. நான் சின்னப்பிள்ளையிலை இருந்து கண்ணை வைச்சுப் பார்க்கிறனான். அங்காலை வெளிச்சம் தெரியும். போன மாசம் தலைவர் ஐயா வாசிச்சுப் பார்க்கவேணும் எண்டு பெட்டியைக் கொண்டு போனவர். ரெண்டு கிழமையாலை திருப்பித் தந்தவர். எடுத்துப் பார்த்தன், வெளிச்சம் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஐயா. ஆனால் எனக்குக் கண் தெரியும்."

ஹமீட்டின் வாயில் தயாராக இருந்த பகிடி அப்படியே உள்ளே போனது.

மாஸ்டர் நூலை அவிழ்த்தார். நாற்பத்து மூன்று கடிதங்கள். செத்துப்போன டொக்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் இலக்கம் போட்டு, மேலே ஒரு பட்டியலும் வைத்திருந்தான். பட்டியலிலும் நாற்பத்து மூன்று. ஒன்றும் குறையவில்லை.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றான் ஹமீட்.

"எண்ணாதை. பூச்சிக்குப் பின்னாலை போ."

மாஸ்டர் ஓர் ஈர்க்கை எடுத்து ஒவ்வொரு தாளாகக் குத்திக்கொண்டு போனார். முதலாம் கடிதத்தில் ஓட்டை. இரண்டாம் கடிதத்தில் ஓட்டை. பதினாறு வரைக்கும் அதே இடத்தில் அதே ஓட்டை. பதினேழாவதில் ஈர்க்கு முட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்து அப்புறம் வைத்தார். பதினெட்டிலிருந்து நாற்பத்து மூன்று வரைக்கும் தடையில்லாமல் போனது.

"இந்தப் பூச்சிக்கு இராமபாணம் எண்டு பேர். ஏழு மராமரத்தைத் துளைச்ச பாணம். அதுக்கு ஒரு தாள் மட்டும் பிடிக்காமல் போச்சோ?"

"பதினாறிலை இறங்கி, நடந்து போய்ப் பதினெட்டிலை ஏறியிருக்கும், மாஸ்டர். பஸ்ஸுக்குக் காசில்லையாக்கும்."

"மணந்து பார்."

ஹமீட் பதினேழாம் கடிதத்தை மூக்கருகே பிடித்தான். பிறகு நாக்கு நுனியால் ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்தான். "தேத்தண்ணிச் சாயம். இஞ்சியும் போட்டிருக்கு."

"எழுத்தென்னவோ திறம் எழுத்துத்தான். ஆனால் எழுதியிருக்கிறதைக் கேள்." மாஸ்டர் இங்கிலீசை மெதுவாகத் தமிழாக்கிச் சொன்னார். "'பெப்ரவரி ஒன்பதாம் திகதி. இங்கே நல்ல வெய்யில். மழை விட்டுவிட்டது. மக்கள் மகிழ்ச்சியோடு அறுவடை செய்கிறார்கள்.' இது பதினேழு. இனிப் பதினாறைக் கேள். அதே பெப்ரவரி, ஐஞ்சாம் திகதி. 'ஆறு முழுவதும் பனிக்கட்டியாய் உறைந்துவிட்டது. மாட்டு வண்டில்கள் ஆற்றுக்கு மேலால் போகின்றன.'"

ஹமீட் விரலை மடித்து எண்ணினான். "அப்ப, நாலு நாளிலை ஐஸ் உருகி, விதைச்சு, முளைச்சு, கதிர் முத்தி, அறுவடையும் தொடங்கியிட்டுது. அமெரிக்கன்ரை விதைநெல்லிலை எங்களுக்கும் ரெண்டு மூட்டை அனுப்பச் சொல்லுங்கோ."

"மாசி மாதம் எண்டால் அறுவடை எண்டு நினைக்கிறவன் எங்கை இருப்பான்?"

"பரந்தனிலை. முரசுமோட்டையிலை. இங்கை." ஹமீட் நிறுத்தினான். "இந்த வாய்க்காலிலை இங்கிலீசும் தெரிஞ்சவன் எண்டால், ஒராள்தான்."

விமலேஸ்வரிக்கு நம்பமுடியவில்லை. "தலைவர் ஐயாவோ? அவர் ஏன் களவெடுக்க? பெட்டியோடை தாங்கோ எண்டாலும் குடுத்திருப்பனே!"

அதுதான் ஹமீட்டுக்கும் விளங்கவில்லை. நாற்பத்து மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்குப் பதிலாக ஒன்றை எழுதித் தேத்தண்ணியில் நனைத்துக் காயவைக்கிற பாடு எதற்கு? அமெரிக்க அம்மாவிடம் பட்டியலின் பிரதி இருக்கும். எண்ணிக்கை குறையக்கூடாது, அது சரி. ஆனால் அந்தக் கடிதத்தை வேறு யாரும் வாசிக்கவும் கூடாது. செத்து நூறு வருடம் கழிந்த ஒரு வெள்ளைக்காரனுடைய இரகசியத்தை மூன்றாம் வாய்க்கால் தலைவர் எதற்காக மறைக்கவேண்டும்?

"பதினேழு இந்நேரம் அடுப்பிலை சாம்பலாயிருக்கும்" என்றான். "இனி அதிலை என்ன இருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்?"

"கடிதம் எண்டால் என்ன, ஹமீட்? ஒருத்தர் எழுதுவார், மற்றவர் மறுமொழி போடுவார்." மாஸ்டர் பதினெட்டாம் கடிதத்தை எடுத்தார். "கனகலிங்கம் தனக்கு வேண்டியது கிடைச்சவுடனை வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டார். இது தேசாதிபதி எழுதினதில்லை. அவரின்ரை அக்கா எழுதினது."

அவர் அதையும் தமிழாக்கி வாசித்தார்.

'தம்பி யோசையா, உன்னுடைய ஒன்பதாம் திகதிக் கடிதம் கிடைத்தது. குளிரில் நடுங்கிய அந்த ஆற்றங்கரைப் பூர்வீக மக்களுக்கு நீ கம்பளி கொடுத்தாய் என்று முதற்பக்கத்தில் வாசித்து மகிழ்ந்தேன். மற்றப் பக்கத்தைப் புரட்டியிருக்கக் கூடாது. கம்பளி பெற்றதற்குப் பற்றுச்சீட்டு என்று சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத அவர்களிடம் ஒரு தாளின் அடியில் கீறு வாங்கினாய். மேலே வெறுமையாக விட்ட இடத்தில், ஆற்றங்கரை முழுவதையும் விரும்பிக் கைவிடுகிறோம் என்று பிறகு எழுதிக்கொண்டாய். அன்றிரவு எல்லோரும் நன்றாகச் சிரித்தோம் என்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்பளிகளை நெய்து அனுப்பியவள் நான்.'

விமலேஸ்வரி தன்னுடைய வலக்கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் ரேகைகளுக்குள் ஊதா மை இன்னும் போகாமல் கிடந்தது.

"தலைவர் ஐயா போன கிழமை எங்களுக்குப் புடவை தந்தவர்" என்றாள் மெதுவாக. "இருபத்திரண்டு குடும்பத்துக்கும். ஒரு சேலை, ஒரு வேட்டி. அமெரிக்க அம்மா வரேக்கை எல்லாரும் புதிசு உடுத்திக்கொண்டு வரவேணும் எண்டவர். வாங்கினதுக்குக் கைநாட்டு வைக்கச் சொன்னவர்."

"தாளிலை மேலை என்ன எழுதியிருந்தது?"

"ஒண்டும் எழுதேல்லை. பேந்து ரைப் அடிக்கிறன் எண்டவர்."

ஹமீட் முற்றத்துக்கு அப்பால் பார்த்தான். இருபத்திரண்டு குடும்பங்களின் வயல்கள் வாய்க்கால் முகப்பில் இருந்தன. குளத்தைத் திறந்தால் முதல் தண்ணீர் அவற்றுக்குத்தான். கனகலிங்கத்தாரின் வயல் வாய்க்காலின் கடைசி முனையில், தண்ணீர் வந்து சேருவதற்குள் வெய்யில் குடித்துவிடுகிற இடத்தில். காணியை விரும்பிக் கைவிடுகிறோம் என்று குடியேற்றக்காரர் எழுதிக்கொடுத்தால், காணிக் கந்தோர் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். வாங்கத் தயாராகத் தலைவரும் இருப்பார், அவருடைய மச்சான்மாரும் இருப்பார்கள்.

"அந்தச் சேலையெல்லாம் எங்கடை மாமா மீராசாகிபுவின்ரை கடையிலை மூண்டு வருசமாய்க் கிடந்த கிளிப்பச்சை. ஆர் இதை வாங்கினது எண்டு நானும் யோசிச்சனான்." "வாங்கோ மாஸ்டர். வீடு புகுந்து அந்தத் தாளைப் பறிச்சுக் கிழிப்பம்."

"கிழிச்சால் இன்னொரு தாள், இன்னொரு நிறத்திலை சேலை. பொலிசுக்குப் போனாலும் வெறுந்தாளிலை என்ன குற்றம்? வா, முதலிலை அவர் ரைப் அடிச்சிட்டாரோ எண்டு பார்ப்பம்."

கனகலிங்கத்தார் நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று வரவேற்புரையைப் பழகிக்கொண்டிருந்தார். கழுத்துக்கு மேலே தேசாதிபதியின் எடுப்பு, கீழே வீட்டில் கட்டுகிற சாரம்.

"'அங்கே தோர்ன் துரையவர்கள் காட்டை நாடாக்கினார், இங்கே அடியேன்...' ஆ, ஏரம்பு! வாரும், இரும். அடியேனுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தினால் சனம் கைதட்டும், என்ன?"

"கட்டாயம் தட்டும். ஏழைச் சனத்துக்குப் புடவையும் குடுத்திருக்கிறியளாம்."

"செய்யத்தானே வேணும். அதுகளுக்கு ஆர் இருக்கினம்?" அவர் கண்ணாடியைப் பார்த்தே பெருமூச்சு விட்டார். "வெள்ளிக்கிழமை கூட்டம் முடிய அம்மையாற்றை காரிலையே யாழ்ப்பாணம் போறன். கந்தோரிலை கொஞ்சம் எழுத்து வேலை கிடக்கு. எல்லாத்தையும் அங்கைதான் ரைப் அடிப்பிக்க வேணும்."

மேசையில் ஒரு சிவப்புக் கோப்பு இருந்தது. தலைவரின் கை அதன்மேல் போய் அமர்ந்ததை ஹமீட் கண்டான். மாஸ்டர் காணாததுபோல எழுந்தார்.

வெளியே வந்ததும், "இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு. நல்லது" என்றார் மாஸ்டர். "எழுதாமல் இருக்கிற தாளிலை எதையும் எழுதலாம்."

வெள்ளிக்கிழமை பரந்தன் சந்திப் பந்தலில் தென்னோலைத் தோரணம் ஆடியது. 'அமெரிக்கத் தேசாதிபதிக்கு நல்வரவு' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அவர் செத்த செய்தி சங்கத்துக்குக் கிடைக்கவில்லைப் போலும். இருபத்திரண்டு கிளிப்பச்சைச் சேலைகள் வரிசையாக முன்னால் உட்கார்ந்திருந்தன. மிஸ் பிறைஸ் உயரமான, ஒல்லியான, வெய்யிலில் சிவந்துபோன பெண். கழுத்தில் மூன்று மாலையோடு, தலைவரின் செந்தமிழ் வரவேற்புரையை முக்கால் மணித்தியாலம் விளங்காமலே கேட்டுத் தலையாட்டினாள். அடியேனுக்குப் பிறகு தலைவர் நிறுத்தினார். சனம் கைதட்டவில்லை. ஹமீட் தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் ஏரம்பு மாஸ்டர் மேடையில் ஏறிவிட்டார். முதலில் இங்கிலீசிலும் பிறகு தமிழிலும் பேசினார்.

"தேசாதிபதியின்ரை கடதாசியள் அமெரிக்காவுக்குப் போகுது. எங்கடை தலைவற்றை கடதாசி ஒண்டும் பக்கத்திலை இருக்கவேண்டாமோ? இருபத்திரண்டு குடும்பத்துக்குப் புடவை குடுத்தவர். அவையள் வைச்ச கைநாட்டுத் தாளை அம்மாவுக்குக் காட்டச் சொல்லிக் கேக்கிறன்."

சனம் இந்த முறை தானாகவே கைதட்டியது. மிஸ் பிறைஸ் ஆவலோடு கையை நீட்டினாள்.

"அது... அது வீட்டிலை" என்றார் கனகலிங்கத்தார்.

முன்வரிசையிலிருந்து விமலேஸ்வரி எழுந்தாள். "இல்லை ஐயா. கக்கத்திலை வைச்சிருக்கிறியள். அந்தச் சிவப்புக் கோப்பிலைதான் அண்டைக்கும் வைச்சனீங்கள்."

மூன்றாம் வாய்க்காலில் உள்ள அத்தனை கண்ணும் தலைவரின் கக்கத்துக்குப் போனது. தாள் வெளியே வந்தது. அடியில் இருபத்திரண்டு ஊதாப் பெருவிரல்கள். மேலே வெறும் வெள்ளை.

மிஸ் பிறைஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த அடையாளங்கள் எதற்கு என்று ஓரிடத்திலும் எழுதவில்லையே என்று கேட்டாள். விளக்கம் இல்லாத தாளைத் தன்னால் ஆவணமாக வைக்கமுடியாதாம்.

"அதுக்கென்ன?" என்றார் மாஸ்டர். "தலைவர் இங்கைதானே நிக்கிறார். பேனையும் சட்டைப் பையிலை இருக்கு. தமிழிலை எழுதுங்கோ ஐயா, உங்கடை கையெழுத்துத்தான் பெறுமதி."

கனகலிங்கத்தார் பேனையைத் திறந்தார். அவருடைய மேலுதடு வியர்த்தது. புடவைக்கு அல்ல என்று எழுதமுடியாது. எழுதாமல் இருக்கவும் முடியாது. 'புடவை கிடைத்தது' என்று எழுதினார்.

"இன்னும் கொஞ்சம் விளக்கமாய்" என்றார் மாஸ்டர். "ஆர் குடுத்தது, எத்தினை குடுத்தது. பதிலுக்கு ஒண்டும் வாங்கேல்லை எண்டதையும் போடுங்கோ. அதுதானே உங்கடை பெருந்தன்மை."

"சங்க முத்திரையும் குத்துங்கோ ஐயா," என்றான் ஹமீட் கீழேயிருந்து. "இல்லாட்டி அமெரிக்கன் நம்பமாட்டான்."

வெள்ளை இடம் கடைசி வரிவரைக்கும் நிறைந்தது. 'தலைவர் கனகலிங்கம் அவர்களிடமிருந்து குடும்பத்துக்கொரு சேலையும் வேட்டியும் அன்பளிப்பாகப் பெற்றோம். இதற்கு மாறாக நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.' கையெழுத்து. முத்திரை. மிஸ் பிறைஸ் அதைக் கண்ணாடித்தாளில் பத்திரமாக வைத்தாள்.

கைதட்டலுக்கு நடுவே தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாஸ்டரின் பக்கம் சரிந்தார். "உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

"தேசாதிபதிக்கு ஒரு அக்கா இருந்தவா. நீங்கள் அவவை வாசிக்கேல்லை. பதினேழாம் கடிதத்தை என்ன செய்தனீங்கள் எண்டு இந்த அம்மா பேந்து கேப்பா. மறுமொழியை இப்பவே யோசிச்சு வையுங்கோ. யாழ்ப்பாணம் போறவரைக்கும் கார்ப் பயணம் இருக்குத்தானே."

தலைவருக்குத் திடீரென்று வீட்டில் ஓர் அலுவல் ஞாபகம் வந்தது. காரில் ஏறாமலே போனார்.

இனிப் பெட்டியை ஏற்றுவதுதான் மிச்சம். மிஸ் பிறைஸ் பையிலிருந்து அச்சடித்த படிவம் ஒன்றையும், சின்ன மைத்தட்டு ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தாள். ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே, அடியில் ஓர் இடத்தை விமலேஸ்வரிக்கு விரலால் காட்டினாள்.

ஹமீட் நாக்கைக் கடித்தான். படிவம் முழுவதும் இங்கிலீசு.

விமலேஸ்வரி பெருவிரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"முதலிலை வாசியுங்கோ, மாஸ்டர். தமிழிலை. பலமாய்."

மாஸ்டர் வாசித்தார். பெட்டியும் அதனுள் உள்ள யாவும், சகல உரிமைகளோடும், என்றென்றைக்குமாக, அன்பளிப்பாகக் கொடுக்கப்படுகின்றன.

"என்றென்றைக்கும் எண்டு போட்டிருக்கோ?"

"ஓம், தங்கச்சி."

"அதை வெட்டச் சொல்லுங்கோ. இரவல் எண்டு எழுதட்டும். படிச்சு, பிரதி எடுத்துப்போட்டு, ஒரு வருசத்திலை திருப்பி அனுப்பவேணும். எழுதினாப் பிறகு நீங்கள் தமிழிலையும் எழுதுங்கோ, ஹமீட் தம்பியும் வாசிக்கட்டும்."

மாஸ்டர் அதை இங்கிலீசில் சொன்னார். மிஸ் பிறைஸின் முகம் மாலையிலிருந்த செவ்வரத்தம்பூவை விடச் சிவந்தது. உட்கார்ந்து, பேனையை எடுத்து, படிவத்தின் முதல் வரியிலிருந்து வெட்டத் தொடங்கினாள்.

விமலேஸ்வரி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.